தைலவர்ணமும் சிற்றுருவங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் எழுத்தையே சான்றாகக் கொள்வர். கல்வெட்டு, செப்பேடு, கடிதம், அரச ஆணை, பிரயாணிகளின் குறிப்பு என்பன நமது விரிவுரைகளிற் பேசப்படும் அளவுக்கு, கடந்த காலத்தை உருவமாகவும் நிறமாகவும் மீட்டெடுக்க முயன்ற கைவினைகள் பேசப்படுவதில்லை. அத்தகைய கைவினைகளுள் ஒன்று, விரலளவேயான உலோக உருவமொன்றுக்குத் தைலவர்ணம் தீட்டி, அதனை மறைந்துபோன ஒரு காலத்தின் மனிதனாக ஆக்கும் கலையாகும். ஐரோப்பாவிற் சிறுவரின் விளையாட்டுப் பொருளாக வளரத் தொடங்கிய இது, இரண்டரை நூற்றாண்டுக் காலத்தில், நூலகத்தையும் நூதனசாலையையும் நாடாமல் எவரும் செய்ய இயலாத ஒரு முயற்சியாக வளர்ந்துள்ளது. இக்கலையின் வளர்ச்சியையும் செய்முறையையும், அது வரலாற்று மாணவனுக்கு உணர்த்தும் சில உண்மைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் எனக்கு ஆர்வம் ஏற்படக் காரணமாயிருந்தது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். இலண்டனில் வாழும் என் தாய்மாமன் விடுமுறையில் வந்தபோது, நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை வீரன் ஒருவனின் வர்ணம் தீட்டப்படாத உருவமொன்றைக் கொண்டுவந்து தந்தார். அதன் உயரம் 54 மில்லிமீற்றர். பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்து ஐந்து வாரங்கள் அதற்கு வர்ணம் தீட்டினேன். நீல மேலங்கி, வெண்மையான மார்புப் பகுதி, சிவந்த கழுத்துப்பட்டி யாவும் படத்தில் உள்ளவாறே அமைந்தன. முடித்தபின் அதனை எமது விரிவுரையாளர் ஒருவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. ஆனால் இவர் எந்த ஆண்டில், எந்த இடத்தில் நிற்கிறார்?" என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

விளையாட்டுப் பொருளாயிருந்த காலம்

ஈயத்தாற் செய்த சிறு உருவங்கள் ஐரோப்பாவிற் பழங்காலந்தொட்டே இருந்தனவாயினும், அவை பெருந்தொகையாக வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாகும். ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரம் இதற்கு மையமாக விளங்கியது. அந்நகரில் வெள்ளீயத் தொழில் செய்த யோகான் கொட்பிரீட் ஹில்பேர்ட் (1732 - 1801) என்பாரின் பட்டறையில் வார்க்கப்பட்ட தட்டையான உருவங்கள் பெரும்புகழ் பெற்றன. பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக்கின் படைகள் ஏழாண்டுப் போரில் (1756 - 1763) ஈட்டிய புகழ், படைவீரர் உருவங்கள்மீது மக்களுக்கு இருந்த விருப்பைப் பெருக்கிற்று. அம்மன்னனையே குதிரைமீது காட்டும் உருவமொன்றை ஹில்பேர்ட் 1777 இல் வார்த்தார்.

இவ்வுருவங்கள் செய்யப்பட்ட முறை எளியதெனத் தோன்றும்; ஆயின் அது நுண்ணிய திறனை வேண்டுவது. மென்மையான இரு கற்பலகைகளை ஒன்றோடொன்று பொருந்துமாறு தேய்த்து, ஒன்றில் உருவத்தின் முன்புறத்தையும் மற்றையதிற் பின்புறத்தையும் குழிவாகவும் இடவலம் மாறியும் செதுக்குவர். பின்னர் இரண்டையும் இறுகச் சேர்த்து, உருக்கிய வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவையை மேலுள்ள துவாரத்தின் வழியாக ஊற்றுவர். கிடைக்கும் உருவம் நாணயம்போலத் தட்டையானது. அதன் மடிப்புகளும் பொத்தான்களும் முகமும் மயிரிழை அளவே புடைத்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதே நகரைச் சேர்ந்த ஏர்ண்ஸ்ட் ஹைன்றிக்சன் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் என்னும் உயரத்தை நிலைப்படுத்தினார். வெவ்வேறு பெட்டிகளில் வாங்கிய வீரர்களை ஒரே களத்தில் நிறுத்துவது இதனாற் சாத்தியமாயிற்று. அவ்வளவு இன்றும் அந்நகரின் பெயராலேயே வழங்குகின்றது.

இவ்வுருவங்களுக்கு வர்ணம் தீட்டியோர் யாவர் என்பது சிந்திக்கத்தக்கது. பட்டறையிலிருந்து உருவங்களை வீடுகளுக்குப் பெற்றுச்சென்று, எண்ணிக்கைக்குக் கூலி பெற்று வர்ணமிட்ட பெண்களும் சிறுவருமே அவர்கள். ஒருவர் நீலத்தையும் மற்றவர் சிவப்பையும் இட, உருவங்கள் கைமாறிச் சென்றன. விரைவே அவர்களுக்கு வாழ்வாயிருந்தமையால், நிழலும் ஒளியும் காட்டும் பொறுமை அங்கு இடம்பெறவில்லை. டென்மார்க்கின் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் 1838 இல் வெளியிட்ட ஒற்றைக்கால் ஈயச் சிப்பாயின் கதையில், பழைய ஈயக் கரண்டியொன்றிலிருந்து இருபத்தைந்து சிப்பாய்கள் வார்க்கப்படுகின்றனர். இறுதியானவனுக்கு உலோகம் போதாமற் போய்விடுகின்றது. அக்காலத்து வீடுகளில் இவ்வுருவங்கள் எவ்வளவு இயல்பான பொருளாயிருந்தன என்பதற்கு இக்கதையே தக்க சான்றாகும்.

பிரான்சிலும் பின்னர் இங்கிலாந்திலும் முழுவுருவங்கள் வழக்கிற்கு வந்தன. 1893 இல் வில்லியம் பிரிட்டன் என்னும் நிறுவனத்தார் உள்ளே கூடான உருவங்களை வார்க்கும் முறையைக் கண்டனர். அச்சில் ஊற்றிய உலோகத்தின் வெளிப்பகுதி இறுகியதும் நடுவிலுள்ள உருகிய பகுதியை வெளியே கவிழ்த்துவிடுவதே அம்முறையாகும். உலோகம் குறைந்தது; விலையும் குறைந்தது. இவர்கள் கைக்கொண்ட 54 மில்லிமீற்றர் அளவே என் மாமன் தந்த உருவத்தின் அளவுமாகும்.

வாட்டலூக் களமும் ஒரு படையதிகாரியும்

விளையாட்டுப் பொருளான இவ்வுருவம் வரலாற்றுச் சான்றோடு மோதிய முதற் பெருநிகழ்ச்சியைப் பிரித்தானியப் படையதிகாரி வில்லியம் சைபோர்ணின் வாழ்விற் காண்கின்றோம். 1815 யூன் 18 இல் நடைபெற்ற வாட்டலூப் போரில் இவர் பங்குபற்றியவரல்லர். நிலவமைப்பை அளந்து வரைதலில் வல்லவர். அதுபற்றி நூலும் எழுதியவர். அப்போர்க்களத்தின் மாதிரியுரு ஒன்றை அமைக்கும் பணி 1830 இல் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. போரின்போது கடுஞ்சமர் நிகழ்ந்த லா ஹே சாந்த் என்னும் பண்ணைவீட்டில் எட்டு மாதங்கள் தங்கி, மேட்டையும் பள்ளத்தையும் வேலியையும் பாதையையும் அளந்தார். ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்னும் அளவில் அமைந்த அம்மாதிரியுருவில், ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் உயரமுள்ள, வர்ணம் தீட்டப்பட்ட 70,000 இற்கும் மேற்பட்ட உலோக உருவங்கள் நிறுத்தப்பட்டன.

உருவங்களை எங்கே நிறுத்துவது என்னும் கேள்வி எழுந்தபோதே சைபோர்ணின் உண்மையான உழைப்புத் தொடங்கிற்று. போரில் நின்ற அதிகாரிகளுள் உயிரோடிருந்தோருக்கு அவர் சுற்றுக்கடிதங்கள் அனுப்பினார். மாலை ஏழு மணியளவில் உமது படைப்பிரிவு எவ்விடத்தில், எவ்வொழுங்கில் நின்றது? உம்முன் நின்ற எதிரி யார்? உம்மைச் சூழ்ந்த வயலில் என்ன பயிர் இருந்தது? இவையே அவர் கேட்ட கேள்விகள். பயிரைப் பற்றிய கேள்வியை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். மாதிரியுருவின் நிலத்துக்கு நிறமிடவேண்டியவனுக்கே அக்கேள்வி தோன்றும். ஏட்டில் மாத்திரம் வரலாறு எழுதுபவன் அதனைக் கேளாமலே பக்கங்களை நிரப்பிவிட முடியும். நூற்றுக்கணக்கான மறுமொழிகள் வந்தன. அவற்றுட் பலவற்றை அவருடைய மகன் 1891 இல் நூலாக வெளியிட்டார். அப்போரைப் பற்றி ஆராய்வோர் இன்றும் விட்டுச்செல்ல முடியாத மூலாதாரமாக அக்கடிதங்கள் விளங்குகின்றன. ஒரு மாதிரியுருவுக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டப் புறப்பட்ட முயற்சி, ஒரு சான்றுத் தொகுதியையே வரலாற்றுக்கு விட்டுச்சென்றது.

ஆயின் சான்று எப்போதும் வரவேற்கப்படுவதில்லை. சைபோர்ண் பிரஷ்யப் படைத்தரப்பிடமிருந்தும் செய்திகளைப் பெற்றிருந்தார். அவற்றின்படி, அம்மாலைப்பொழுதிற் களத்தின் ஒரு புறத்திற் பிரஷ்யர் பெருந்தொகையினராகக் காட்டப்பட்டனர். வெற்றியில் அவர்களின் பங்கு பெரிதென்னும் எண்ணத்தை இது காண்போரிடம் தோற்றுவிக்கும் என்பது வெலிங்டன் கோமகனின் கருத்து. அவர் அம்மாதிரியுருவை ஏற்றுக்கொள்ளவில்லை. அரசின் பண உதவியோ 1833 இலேயே நின்றுபோயிருந்தது. சைபோர்ண் தம் சொந்தப் பணத்தையும் கடனையும் கொண்டு வேலையை முடித்து, 1838 இல் இலண்டன் பிக்கடிலியிலுள்ள எகிப்திய மண்டபத்தில் அதனைக் காட்சிக்கு வைத்தார். ஏறத்தாழ 100,000 பேர் அதனைப் பார்வையிட்டனர். எனினும் அவருடைய பணக்கவலை தீரவில்லை. இரண்டாவது மாதிரியுரு ஒன்றையும், 1844 இல் அப்போரின் வரலாற்று நூலொன்றையும் வெளியிட்ட அவர், 1849 இற் காலமானார். முதல் மாதிரியுரு இன்று இலண்டன் தேசிய இராணுவ நூதனசாலையிலும், மற்றையது லீட்ஸ் நகரின் அரச படைக்கலச்சாலையிலும் உள்ளன.

அரைச் சாண் அகலமும் கொள்ளாத ஓரிடத்தில் எத்தனை ஈயப் பொம்மைகளை நிறுத்துவது என்னும் கேள்வி, ஒரு நாட்டின் பெருமையை யார் யாருடன் பகிர்ந்துகொள்வது என்னும் கேள்வியாகிவிட்டது. சிற்றுருவம் வெறும் அலங்காரமன்று, அது ஒரு கூற்று என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

தைலவர்ணத்தின் இயல்பு

சைபோர்ணின் உருவங்கள் நெல்மணியளவின. அவற்றில் நிறப்புள்ளிகளுக்கே இடமுண்டு. பெரிய உருவங்களில், குறிப்பாக 54 மில்லிமீற்றர், 90 மில்லிமீற்றர் அளவினவற்றில், மனிதனின் முகத்தையும் துணியின் மடிப்பையும் காட்ட முனைந்தோர் இருபதாம் நூற்றாண்டின் சேகரிப்பாளராவர். ஜேர்மனியில் 1924 இல் தோன்றிய ஈயவுருவ ஆர்வலர் சங்கம், கிரேக்கரின் வரலாற்றுத் தேவதையான கிளியோவின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. 1929 இற் குல்ம்பாக் நகரின் பிளாசன்பேர்க் கோட்டையில் ஈயவுருவங்களுக்கென ஒரு நூதனசாலை அமைந்தது. 1935 இற் பிரித்தானியாவில் மாதிரிப் படைவீரர் சங்கம் தோன்றியது. வளர்ந்தோர் தம் ஓய்வுநேரத்தை இதற்கு அளிக்கத் தொடங்கியபோது, விரைவு தேவையற்றதாயிற்று. அப்போது தைலவர்ணம் தனக்குரிய இடத்தைப் பெற்றது.

தைலவர்ணமாவது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயில் அரைத்துப் பெறுவது. அதனை முதலிற் பயன்படுத்தியோர் பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர் எனப் பலகாலம் கருதப்பட்டது. ஆயின் ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் குகைகளின் பழைய பௌத்த ஓவியங்களில் உலரும் எண்ணெய் பயன்பட்டமை 2008 இல் வெளியான ஆய்வுகளாற் புலனாயிற்று. நீர்வர்ணம் நீர் ஆவியாவதால் உலர்கின்றது. தைலவர்ணமோ ஆவியாவதில்லை, எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகின்றது. இதற்கு நாட்கள் செல்லும். மலைநாட்டின் மழைக்காலக் குளிரில் என் மேசைமீதிருந்த சிவப்பு, ஒரு வாரம் சென்றபின்னும் விரலில் ஒட்டியது. இக்குறையே இதன் நிறைவுமாகும். இரு நிறங்கள் ஈரமாக இருக்கும்போதே அவற்றின் எல்லையைத் தூரிகையால் வருடி, ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என அறியாதவாறு கலந்துவிடலாம். விரைவில் உலரும் வர்ணத்தில் இக்கலப்பு எளிதிற் கைகூடாது.

உருவத்திற் கலப்பு ஏன் வேண்டும் என ஒருவர் வினவலாம். ஆறடி மனிதனின் அங்கியிலுள்ள மடிப்பு விரலாழமுடையது. அதனுள் நிழல் தானே விழும். விரலளவு உருவத்தில் அம்மடிப்பு மயிரிழையளவே ஆழமுடையது. அறையின் வெளிச்சத்தில் அதனுள் நிழல் விழுவதில்லை. எனவே ஒரே நிறம் பூசிய உருவம், நிறந்தோய்ந்த களிமண்போலத் தோன்றும். இல்லாத நிழலையும் இல்லாத ஒளியையும் தீட்டுவோன் தானே அளிக்கவேண்டும். ஒளி மேலிருந்து வருவதாகக் கொண்டு, தோளிலும் மடிப்பின் மேற்புறத்திலும் நிறத்தை வெளிறச் செய்து, கையின் அடிப்புறத்திலும் மடிப்பின் உள்ளும் அதனை ஆழச் செய்தல் வேண்டும். தட்டையான உருவத்தில் இப்பொறுப்பு மேலும் பெரிது. அங்கே உருட்சியையே வர்ணத்தாற் காட்டவேண்டியுள்ளது.

வேலையின் ஒழுங்கு பின்வருமாறு அமையும். வார்ப்பின் விளிம்புகளை அரத்தால் தேய்த்து, உருவத்தைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துவர். பின் மினுக்கமில்லாத அடிப்பூச்சு ஒன்றையும், அதன்மேல் அவ்வப் பகுதிக்குரிய நிறத்தை விரைவில் உலரும் வர்ணத்திலும் இடுவர். குழாயிலிருந்து பிதுக்கிய தைலவர்ணத்தைக் கடதாசி மட்டையொன்றில் வைத்து, மிகையான எண்ணெயை அது உறிஞ்சவிடுவர். இல்லையேல் துணி பட்டுப்போல மினுங்கும். முகத்திலேயே பெரும்பாலோர் தொடங்குவர். சுட்ட செம்மண் நிறம், மஞ்சட் காவி, வெள்ளை ஆகிய மூன்றுமே முகத்தின் பெரும்பகுதியைத் தந்துவிடும். கண்ணின் வெண்மைக்குத் தூய வெள்ளை ஆகாது. தொப்பியின் நிழலில் மனிதனின் கண் அவ்வளவு வெண்மையாகத் தோன்றுவதில்லை. அவ்வாறே தூய கருமையும் ஆகாது. கருந்தொப்பிக்குக் கருமையோடு சிறிது நீலமோ கபிலமோ சேர்ப்பர். எல்லா நிறங்களும் ஒரே காலத்தில் உலர்வதில்லை. மங்கனீசு கலந்த கபில மண்நிறம் விரைந்து உலரும். தந்தக்கருமை நெடுநாள் ஈரமாயிருக்கும். எதனை முதலில் இடுவது, எதற்காகக் காத்திருப்பது என்பதை இவ்வறிவே முடிவுசெய்கின்றது. ஒரு பகுதியை முடித்ததும் தூசு படாதவாறு உருவத்தைக் கண்ணாடிக் குவளையால் மூடி, நாட்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும்.

காத்திருக்கும் அந்நாட்களிற் செய்வதென்ன? இங்கேதான் கைவினை ஆய்வாக மாறுகின்றது. அடுத்து இடவேண்டிய நிறம் எதுவென்று தேடுவதற்கு அக்காலம் பயன்படுகின்றது. சீருடைகளைப் பற்றி ரிச்சாட் குனோட்டல் (1857 - 1914) என்னும் ஜேர்மானிய ஓவியர் 1890 முதல் வெளியிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் இத்துறையினருக்கு நெடுங்காலம் கைந்நூலாய் இருந்துள்ளன. அவர்கள் அதனோடு அமைவதில்லை. அக்காலத்து ஓவியம், நாட்குறிப்பு, நூதனசாலையில் எஞ்சியுள்ள உடை என ஒன்றையொன்று ஒப்புநோக்குவர்.

நிறத்தின் பின்னாலுள்ள வரலாறு

நிறத்தைத் தேடிச் செல்வோன் விரைவிலேயே சீருடையைத் தாண்டிச் சென்றுவிடுகின்றான். பிரித்தானியரின் செவ்வங்கியை எடுத்துக்கொள்வோம். நெப்போலியன் காலத்திற் சாதாரண வீரனின் அங்கி, மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து பெற்ற சாயம் தோய்த்தது. சற்று மங்கிய செங்கல் நிறமுடையது. அதிகாரியின் அங்கியோ மெக்சிக்கோவிலிருந்து வந்த கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து பெற்ற, விலைகூடிய சாயம் தோய்த்தது, ஒளிமிக்க செந்நிறமுடையது. ஆகவே அதிகாரியையும் வீரனையும் ஒரே குழாயிலுள்ள சிவப்பால் தீட்டுவது தவறாகும். இரு சிவப்புகளுக்கும் இடையே ஒரு சமூகத்தின் ஏற்றத்தாழ்வு நிற்கின்றது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் தம் தனியுரிமையாகக் கொண்டு தோண்டுவித்த சாயவேரும் இவ்வகைச் சிவப்பைத் தருவதே என்பது நமக்கு நினைவிற்கு வரலாம்.

என் உருவத்தின் நீலத்துக்கும் இவ்வாறே ஒரு வரலாறுண்டு. குழாயில் உள்ள பிரஷ்ய நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பேர்லினிற் செய்யப்பட்ட ஓர் இரசாயனப் பொருள். ஆனால் படைவீரனின் துணியை நீலமாக்கியது அவுரிச் சாயமாகும். பிரான்சுக்கு அச்சாயத்தை அளித்த குடியேற்றங்களுள் முதன்மையானது சான் டொமிங்கோ. அங்கு அடிமைகளாயிருந்தோர் 1791 இற் கிளர்ந்தெழுந்து, 1804 இல் ஹெயிற்றி என்னும் சுதந்திர நாட்டை நிறுவினர். மற்றொரு பெருவிளைநிலமான வங்காளம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. கடலும் அவர்கள் வசமே. நீலம் கிடைத்தற்கரியதாகவே, தன் காலாட்படைக்கு வெள்ளை அங்கி அளிக்க 1806 இல் நெப்போலியன் ஆணையிட்டான். சில படைப்பிரிவுகள் அதனை அணியவும் செய்தன. வெள்ளையில் அழுக்கும் குருதியும் எளிதிற் புலப்பட்டமையால் 1807 இல் அவ்வாணை கைவிடப்பட்டது. வங்காளத்து அவுரி உழவரின் துயரமோ தொடர்ந்து, 1859 இற் பெருங்கிளர்ச்சியாக வெடித்தது.

ஒரு வீரனின் அங்கி 1805 இல் நீலமாயிருந்து 1807 இல் வெள்ளையாயிருக்கக்கூடும் என்றால், அதற்குக் காரணம் தையற்காரனுமல்லன், படைத்தலைவனுமல்லன். அடிமைகளின் புரட்சியும் கடற்போரும் தொலைதேசத்து வயல்களும் அந்தச் சிறு மேலங்கியில் வந்து சேர்கின்றன. "எந்த ஆண்டு?" என்று விரிவுரையாளர் கேட்டதன் பொருள் எனக்கு அப்போதே விளங்கிற்று.

ஆணையும் நடைமுறையும்

"எந்த இடம்?" என்னும் வினா எஞ்சியிருந்தது. சீருடைப் படங்கள் பெரும்பாலும் ஆணையிற் கூறியதைக் காட்டுவன. அணிவகுப்பு நாளின் மனிதனைக் காட்டுவன. போர்க்களத்து மனிதன் வேறானவன். ஸ்பானியப் போரில் நின்ற பிரெஞ்சு வீரர், தம் உடை கிழிந்தபோது, அந்நாட்டில் அகப்பட்ட கபில நிறக் கம்பளித் துணியாற் காற்சட்டை தைத்து அணிந்தனர். ஆங்கிலேயரின் செவ்வங்கி வெயிலிலும் மழையிலும் நிறமிழந்து, பலநிறத் துணியால் ஒட்டுப்போடப்பட்டது. வாட்டலூவிற் பேரரசனின் மெய்காவற்படை தன் அழகிய உடையோடன்றி, பெரும்பாலும் நீண்ட மேற்சட்டையோடேயே நின்றது. அதற்கு முன்னிரவு பெய்த பெருமழையின் சேறு எல்லாத் தரப்பினர் கால்களிலும் ஒன்றுபோலவே ஒட்டியிருந்தது. இவற்றை மறைத்து ஆணையின்படி தீட்டுதல், ஒரு நாட்டின் சட்டநூலை மாத்திரம் படித்துவிட்டு மக்கள் அவ்வாறே வாழ்ந்தனர் என எழுதுவதை ஒக்கும்.

இக்கலையின்மீது கூறத்தக்க வலிய குற்றச்சாட்டும் இங்கேயே எழுகின்றது. போரை இது அழகுப் பொருளாக்கிவிடுகின்றது என்பர். போரின் வடுவை அறிந்த நாட்டவராகிய நாம் இதனை ஐயத்தோடு நோக்குவது இயல்பே. வாட்டலூவில் ஒரே நாளில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். அந்த வேதனைக்குக் கண்ணாடிப் பேழையிற் பளபளக்கும் வரிசைகளில் இடமில்லை. படைகளோடு சென்ற பெண்களின் நிலையும் அதுவே. பிரித்தானியப் படைப்பிரிவு கடல்கடந்து புறப்படும்போது, நூறு வீரருக்கு ஏறத்தாழ ஆறு மனைவியரே உடன்செல்ல அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் சீட்டெடுத்துத் தெரியப்பட்டனர். சீட்டு விழாத பெண் கரையில் நின்றாள். உடன்சென்ற பெண்ணோ துணி வெளுத்து, காயமுற்றோரைப் பேணி, படையின் பின்னே நடந்தாள். இவர்களின் உருவங்கள் வார்க்கப்படாமலில்லை. ஆயின் மிகச் சிலவே. வார்ப்போன் எதனைத் தெரிவுசெய்கின்றான், எதனை விடுகின்றான் என்பது, வரலாற்றாசிரியன் எதனை எழுதுகின்றான், எதனை விடுகின்றான் என்பதைப் போன்றதே.

இக்குற்றச்சாட்டை முற்றாக மறுக்க முடியாது. ஆயினும், பொறுமையோடு தீட்டப்படும் உருவம் அக்குற்றத்தை ஓரளவு தானே திருத்திக்கொள்கின்றது என்பது என் எண்ணம். எழுபதினாயிரம் உருவங்களைக் காண்போன் ஒரு படையைக் காண்கின்றான். ஒரே உருவத்தோடு ஐந்து வாரங்கள் இருந்தவன் ஒரு மனிதனைக் காண்கின்றான். அவனுடைய சப்பாத்துத் தேய்ந்திருக்குமா, அவன் எத்தனை நாள் முகம் மழிக்காதிருந்திருப்பான், அவன் முதுகிற் சுமந்த பையில் என்ன இருந்திருக்கும் எனத் தீட்டுவோன் கேட்கவேண்டியவனாகின்றான். தளபதியின் வரலாற்றை எழுதுவோனுக்கு இக்கேள்விகள் எழுவது அரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் சிற்றுருவக் கலை வரலாற்று ஆய்வுக்கு ஈடானது என நிறுவுவது என் நோக்கமன்று. ஆய்வுக்கு வேண்டிய விமரிசனமும் தருக்கமும் ஈயத்தில் வார்க்கக்கூடியனவல்ல. எனினும் வரலாற்றைப் பரீட்சைக்காக விரைந்து படித்து, விரைந்து எழுதி, விரைந்து மறக்கும் நம்மனோர்க்கு இக்கலை ஒன்றை உணர்த்துகின்றது. "பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்" என்றோ "மக்கள் துயருற்றனர்" என்றோ நாம் எழுதும்போது, ஆண்டையும் இடத்தையும் மனிதனையும் நழுவவிடுகின்றோம். தூரிகையைக் கையில் எடுத்தவனுக்கு அவ்வாறு நழுவ வழியில்லை. அங்கிக்கு ஏதோ ஒரு நிறத்தை அவன் இட்டேயாகவேண்டும். இடும்போது ஒரு முடிவைச் செய்கின்றான். செய்த முடிவுக்குச் சான்று வேண்டப்படுகின்றது.

என் உருவத்தின் வர்ணத்தை முழுவதும் களைந்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். இம்முறை ஏழு வாரங்கள் சென்றன. அங்கியின் நீலம் தோள்களில் வெளிறியுள்ளது. வெள்ளைக் காற்சட்டை போய்க் கபிலக் காற்சட்டை வந்துள்ளது; அதன் முழங்காலில் வேறொரு துணியின் ஒட்டு உள்ளது. முகத்தில் நான்கு நாள் வளர்ந்த மயிரின் நிழல் படிந்துள்ளது. முன்னையதிலும் அழகு குறைந்ததென்றே பார்ப்போர் கூறுகின்றனர். விரிவுரையாளரிடம் மீண்டும் அதனைக் கொண்டுசென்றபோது, அவர் கேட்குமுன் நானே கூறினேன்: "ஸ்பெயின், 1811." அவர் உருவத்தை மேசைமீது வைத்துவிட்டு, "சான்று?" என்றார். என் குறிப்பேட்டை எடுத்து அவர்முன் விரித்தேன்.